எந்த பீர் எந்த வேளைக்கு? மே மாதம் ஜெர்மனி வருபவருக்கு ஒரு பதில்

மே மாதக் கடைசியில் அப்பாவோடு ஜெர்மனி வருகிறேன், மியூனிக்கில் இறங்கி கொலோன் வரை போகிறோம், ஊரில் கிங்ஃபிஷரைத் தவிர வேறு பீர் குடித்துப் பழக்கமில்லை, இங்கே நல்ல பீர் எது, எதை எப்போது குடிக்கலாம், குடிக்காத அப்பாவுக்கு என்ன வாங்கித் தரலாம் என்று கேட்டிருந்தீர்கள். நான் பல வருடங்களாக எர்லாங்கனில் இருக்கிறேன். சீமென்ஸ் இருக்கும் ஊர் என்பதால் நம் ஆட்களும் இங்கே நிறைய. ஊரிலிருந்து வருகிற ஒவ்வொருவரும் முதல் நாளே கேட்கிற கேள்வி இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஊர்க் கடையில் பீர் வாங்கும்போது இரண்டே கேள்விதான். கூலிங் இருக்கா? ஸ்ட்ராங்கா, லைட்டா? இங்கே உள்ளவரிடம் நல்ல பீர் எது என்று கேட்டால், மணி என்ன, மாதம் என்ன, எந்த ஊரில் இருக்கிறோம், என்ன சாப்பிடப் போகிறோம் என்று திருப்பிக் கேட்பார். பீருக்கு ஏற்ற வேளையை இவர்கள் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. வேளை முதலில் வந்தது. நோன்பு வந்தது, கோடை வெயில் வந்தது, கல்யாணம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் தகுந்த மாதிரி ஒரு பீர் உருவானது. அதனால் பிராண்டை விட்டுவிட்டு வேளையைப் பிடித்துக்கொண்டு போனால் இந்த நாட்டில் மோசமான பீர் உங்கள் கைக்கு வருவது கஷ்டம்.

மியூனிக்கில் இறங்குகிறீர்கள், அதனால் காலையிலிருந்தே தொடங்குவோம். ஆமாம், காலையில்தான். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் காலை பத்து, பதினொரு மணிக்கு பீர் குடிப்பவரை யாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை. ஆனால் அந்த நேரத்துக்கு உரியது ஒரே ஒரு வகைதான்: வைஸ்பீர். மால்ட்டில், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தில், பாதிக்கு மேல் கோதுமை. வடிகட்டாதது, அதனால் கலங்கலாக இருக்கும். முகர்ந்தால் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். பழமும் கிராம்பும் எதுவும் போடுவதில்லை, அந்த இரண்டு மணத்தையும் புளிக்கும்போது ஈஸ்ட்தான் உண்டாக்குகிறது. கசப்பு மிகக் குறைவு. கசப்பு பிடிக்காததால் பீரே வேண்டாம் என்று ஒதுங்கியவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான்.

இதற்குக் கூட வருவது வெள்ளை சாசேஜ், இனிப்புக் கடுகு, முடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும் பிரெட்ஸல் ரொட்டி. மதியம் பன்னிரண்டு மணி அடிப்பதற்குள் சாசேஜைச் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது பழைய வழக்கம். குளிர்பெட்டி இல்லாத காலத்தில் காலையில் செய்தது மதியம் வரைதான் தாங்கும். அந்த சாசேஜ் கன்றுக்குட்டி இறைச்சியில் செய்வது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அது ஆகாது என்றால் ஒபாட்ஸ்டா கேளுங்கள். சீஸ், வெண்ணெய், மிளகாய்ப்பொடி, வெங்காயம் போட்டுப் பிசைந்தது, பிரெட்ஸலுக்கு அருமையாக இருக்கும்.

வைஸ்பீர் பாட்டிலாக வந்தால் ஊற்றுகிற விதத்தைக் கவனியுங்கள். உயரமான கிளாஸைக் குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை அலசி, ஈரத்தோடு ஏறக்குறையப் படுக்கவைத்த மாதிரி சாய்த்து, பாட்டிலின் வாயைக் கிளாஸின் உள்பக்கத்தில் ஒட்டி மெதுவாக ஊற்றுவார்கள். பீர் ஏற ஏற கிளாஸ் நிமிரும். அடியில் இரண்டு விரல் அளவு இருக்கும்போது நிறுத்தி, பாட்டிலைச் சுழற்றி, தங்கியிருக்கும் ஈஸ்ட்டைக் கலக்கி அதையும் மேலே விடுவார்கள். நுரை கிளாஸுக்கு மேலே எழும்பி நிற்கும். இதை அவசரப்பட்டுச் செய்தால் மேசை முழுக்க நுரைதான். 'ப்ரோஸ்ட்' (நம் 'சியர்ஸ்'தான்) சொல்லும்போது இந்தக் கிளாஸை மட்டும் அடிப்பக்கத்தால் தட்ட வேண்டும், மேல் விளிம்பு மெல்லிசு. எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துத் தட்டுங்கள். பார்க்காமல் தட்டினால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இந்த கோதுமை பீருக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1516-இல் பவேரியப் பிரபு நான்காம் வில்ஹெல்ம் இங்கோல்ஸ்டாட் நகரில் போட்ட சட்டப்படி பார்லி, ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூ), தண்ணீர் மூன்றைத் தவிர பீரில் வேறெதுவும் சேர்க்கக் கூடாது. கோதுமை ரொட்டிக்கு வேண்டும் என்பது ஒரு காரணம். ஆனால் கோதுமை பீர் காய்ச்சும் உரிமையை ஒரு பிரபுக் குடும்பம் மட்டும் வைத்திருந்தது. 1602-இல் அது ஆட்சியாளரின் கைக்கே வந்தது. அதற்கப்புறம் சுமார் இருநூறு வருடம் அது அரண்மனையின் ஏகபோகம், கஜானாவுக்கு நல்ல வருமானம். மவுசு குறைந்த பிறகு 1872-இல் ஜார்ஜ் ஷ்னைடர் என்பவர் அந்த உரிமையை வாங்கித் தொடர்ந்தார். மியூனிக்கில் தால் என்ற தெருவில் ஷ்னைடர் உணவகம் இப்போதும் இருக்கிறது. காலைச் சாப்பாட்டுக்கு அங்கேயே போங்கள். அவர்களுடைய ஒரிஜினல் வைஸ்பீர் 5.4 சதவீதம், செம்பு நிறம், மற்றவர்களுடையதை விட மால்ட் சுவை தூக்கலாக இருக்கும்.

சாயங்காலம் என்றால் பீர் தோட்டம்தான். மே மாதத்தில் மியூனிக்கில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பெரிய செஸ்ட்நட் மரங்கள், கீழே சரளைக்கல், நீளமான மர பெஞ்சுகள். யார் பக்கத்தில் இடம் இருந்தாலும் கேட்டுவிட்டு உட்காரலாம். இந்த மரங்களும் அழகுக்காக வைத்தவை இல்லை. கோடையில் காய்ச்சினால் பீர் கெட்டுப்போகும், அடுப்பால் தீப்பிடிக்கும் பயமும் உண்டு. அதனால் 1553-இல் பவேரியாவில் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை காய்ச்சத் தடை போட்டார்கள். அந்த ஐந்து மாதத்துக்கும் தேவையான பீரை மார்ச்சிலேயே கொஞ்சம் கெட்டியாகக் காய்ச்சி, நிலத்தடி அறைகளில் பனிக்கட்டி நிரப்பிச் சேமித்தார்கள். அறையின் மேல் வெயில் படாமல் இருக்க மரம் நட்டார்கள். செஸ்ட்நட்டின் இலை அகலம், வேர் ஆழமாகப் போகாது, கீழே இருக்கும் வளைவுக்கூரை உடையாது. நிழல் கிடைத்ததும் ஜனங்கள் அங்கேயே வந்து உட்கார்ந்து குடிக்கத் தொடங்கினார்கள். ஊருக்குள் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவர்கள் வியாபாரம் போகிறதே என்று ராஜாவிடம் முறையிட்டார்கள். 1812-இல் மாக்ஸிமிலியன் ராஜா ஒரு தீர்வு சொன்னார்: காய்ச்சுபவர்கள் தங்கள் தோட்டத்தில் பீர் விற்கலாம், ரொட்டியும் கொடுக்கலாம், வேறு சாப்பாடு விற்கக் கூடாது. வருபவர்கள் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தார்கள்.

அந்த வழக்கம் இன்னமும் இருக்கிறது, நமக்கு அது எவ்வளவு சௌகரியம் என்று பாருங்கள். மேசைவிரிப்பு போடாத மேசைகளில் உங்கள் சாப்பாட்டை நீங்களே கொண்டுவந்து சாப்பிடலாம். குடிப்பதை மட்டும் அங்கே வாங்க வேண்டும். நாங்கள் எலுமிச்சை சாதமும் கோழி வறுவலும் டப்பாவில் எடுத்துப் போவோம். பக்கத்து மேசைக்காரர் முள்ளங்கியைச் சுருள் சுருளாகச் சீவி உப்புத் தூவித் தின்றுகொண்டிருப்பார். அவர் ஒரு துண்டு கொடுப்பார், நாம் ஒரு துண்டு வறுவல் கொடுப்போம். முள்ளங்கி பீருக்கு இவ்வளவு பொருத்தமான சைட் டிஷ் என்று இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். கடையில் கம்பியில் குத்தி நெருப்பில் வாட்டிய கானாங்கெளுத்தி கிடைத்தால் விடாதீர்கள். அப்பாவுக்கும் அது பிடிக்கும்.

தோட்டத்துக்கு உரிய பீர் ஹெல்லஸ். வெளிர் மஞ்சள், 5 சதவீதத்தை ஒட்டி, கசப்பு லேசாக, மால்ட்டின் இனிப்பு முன்னால் நிற்கும். 1842-இல், இன்று செக் நாட்டில் இருக்கும் பில்ஸன் நகரில் ஜோசப் க்ரோல் என்ற பவேரியர் காய்ச்சிய பளபளப்பான தங்க நிற பீர் ஐரோப்பாவையே அசத்தியது. மியூனிக்காரர்களால் அதை அப்படியே செய்ய முடியவில்லை. பில்ஸனின் தண்ணீர் மென்மையானது, மியூனிக்கின் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், அதில் ஹாப்ஸ் கூடினால் கசப்பு தொண்டையைப் பிடிக்கும். கறுத்த மால்ட் பீருக்கு அந்தத் தண்ணீர் நன்றாக ஒத்துழைத்ததால் நெடுங்காலம் மியூனிக் பீர் என்றாலே கறுப்பு பீர்தான். கடைசியில் 1894-இல் ஷ்பாட்டன் என்ற மியூனிக் நிறுவனம் ஹாப்ஸைக் குறைத்து ஹெல்லஸைக் கொண்டுவந்தது. என் கணக்கில் மியூனிக்கில் முதலிடம் அகுஸ்டினருக்கு. 1328-இலிருந்து இருக்கிற நிறுவனம். அர்னுல்ஃப் தெருவில் உள்ள அவர்களுடைய தோட்டத்தில் மரப் பீப்பாயிலிருந்து இறக்குகிறார்கள், புதுப் பீப்பாய் திறக்கும்போது மணி அடிப்பார்கள். மணி கேட்டால் எழுந்து போய் வரிசையில் நில்லுங்கள். மரப் பீப்பாயில் காஸ் ஏற்றுவதில்லை, அதனால் வயிறு உப்பாது, சுவையும் மெத்தென்று இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. மாஸ் என்று கேட்டால் 1 லிட்டர் வரும். நம் ஊர் 650 மில்லி பாட்டிலை விட அதிகம் அது. வெயிலில் உட்கார்ந்து இரண்டாவது மாஸ் வாங்குவதற்கு முன் தண்ணீர் குடித்து, ஏதாவது சாப்பிட்டுவிட்டு யோசியுங்கள்.

அக்டோபர்ஃபெஸ்ட் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, நீங்கள் வருவது மே மாதம். 1810-இல் இளவரசர் லுட்விக்கின் கல்யாணத்துக்கு வைத்த குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது, மியூனிக்கின் ஆறு நிறுவனங்கள் மட்டும்தான் அங்கே ஊற்றலாம், பீர் 6 சதவீதத்துக்குப் பக்கத்தில், 2024-இல் ஒரு மாஸ் 13.60 முதல் 15.30 யூரோ வரை. கூட்டத்தையும் பாட்டையும் பார்க்க ஒருமுறை போகலாம். பீரின் சுவைக்காகப் போக வேண்டிய இடம் என்று நான் நினைக்கவில்லை.

அதைவிட எனக்கு நெருக்கமானது மார்ச் மாதம். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பில் பவுலானர் மடத்துத் துறவிகள் கெட்டியாக, சத்தாக ஒரு பீர் காய்ச்சினார்கள். சாப்பிடத்தான் தடை, திரவம் நோன்பை முறிக்காது என்பது அவர்கள் கணக்கு. அந்த வழியில் வந்தது சல்வாட்டோர், இன்று 7.9 சதவீதம். இதை டோப்பல்பாக் என்பார்கள், மற்ற நிறுவனங்களின் டோப்பல்பாக்குக்கும் பெரும்பாலும் 'ஆட்டோர்' என்று முடிகிற பெயர்தான். கருஞ்சிவப்பு, கருகாத சர்க்கரைப் பாகின் மணம், குடிக்கக் குடிக்க உடம்பு சூடாகும். மார்ச்சில் நொக்கர்பெர்க் மண்டபத்தில் அரசியல்வாதிகளை முன்வரிசையில் உட்கார வைத்து, சல்வாட்டோர் கொடுத்து, மேடையிலிருந்து அவர்களையே கிண்டலடிப்பார்கள். டெலிவிஷனில் நேரடியாக வரும், முதல்வரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். இலங்கையின் லயன் ஸ்டவுட் குடித்தவர்களுக்கு இந்தக் கனம் பழக்கப்பட்டதாக இருக்கும். அது 8.8 சதவீதம், இன்னும் கறுப்பு, காபி வாசனை கூட. யாழ்ப்பாணத்து நண்பர்கள் வீட்டில் குளிர்கால இரவுகளில் இரண்டையும் அடுத்தடுத்துக் குடித்திருக்கிறோம், ஆட்டுக்கறிப் பிரட்டலுக்கு என் ஓட்டு லயனுக்கே.

மே மாதத்துக்கு உரிய கனமான பீர் மைபாக். மியூனிக்கில் ஹோஃப்பிராய்ஹவுஸ் என்ற பீர் கூடத்தில் ஏப்ரல் கடைசி வாரத்தில் இதற்கான முதல் பீப்பாயைத் திறப்பார்கள். 7.2 சதவீதம். நிறம் பார்த்தால் சாதுவாகத்தான் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். அரை லிட்டர் வாங்கி நிதானமாகக் குடியுங்கள், போதும். வடக்கே ஐன்பெக் ஊரின் பீருக்கு மியூனிக் அரண்மனை ஆசைப்பட்டு, 1614-இல் அந்த ஊரிலிருந்தே ஒரு காய்ச்சுபவரை வரவழைத்துத்தான் இந்த வகை இங்கே வேரூன்றியது.

சரி, கொலோன். அங்கே போய் ஹெல்லஸோ வைஸ்பீரோ கேட்காதீர்கள். கொலோனில் கெல்ஷ்தான். 1986-இல் அந்த ஊர் நிறுவனங்கள் கூடி ஒப்பந்தம் போட்டுக்கொண்டன, ஐரோப்பிய ஒன்றியமும் பிறகு பாதுகாப்பு கொடுத்தது, கொலோன் வட்டாரத்துக்கு வெளியே காய்ச்சியதை அந்தப் பெயரில் விற்க முடியாது. வைஸ்பீர் மாதிரியே மேலே மிதக்கும் ஈஸ்ட்டால் புளிக்கவைத்து, அப்புறம் குளிரில் ஆறப்போடுவது. தெளிவு, மென்மை, லேசான பழ வாசனை. இந்த பீருக்கு நுரை சீக்கிரம் அடங்கிவிடும், அடங்கினால் சப்பென்று போகும். அதனால்தான் குச்சி மாதிரி ஒல்லியான, வெறும் 200 மில்லி பிடிக்கிற கிளாஸில் தருகிறார்கள். இரண்டு மூன்று மடக்கு, முடிந்தது.

பரிமாறுகிற விதம்தான் அருமை. நீல உடுப்பும் ஏப்ரனுமாக ஒருவர், கையில் நடுவில் பிடி வைத்த வட்டத் தட்டு, அதைச் சுற்றிக் கிளாஸ்கள். உங்கள் கிளாஸ் காலியானால் கேட்காமலே அடுத்ததை வைத்துவிட்டு, அட்டையில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். போதும் என்றால் அந்த அட்டையை எடுத்துக் கிளாஸின் மேல் மூடிவையுங்கள், புரிந்துகொள்வார். மூடாமல் பேசிக்கொண்டே இருந்தால் வந்துகொண்டே இருக்கும். கடைசியில் கோடுகளை எண்ணித்தான் பில். தண்ணீர் கேட்டால் கொஞ்சம் சிடுசிடுப்பாகப் பதில் வரலாம், அது அந்த ஊர்ப் பரிமாறுபவர்களின் பாணி, மனதில் வைக்காதீர்கள். ஃப்ரீஸன் தெருவில் பெஃப்கனுக்குப் போங்கள். 1883-இலிருந்து அதே குடும்பப் பெயரில் நடக்கிறது, பீர் மரப் பீப்பாயிலிருந்து வருகிறது. நான்கைந்து நண்பர்கள் ரொம்ப நாள் கழித்துச் சந்தித்து மணிக்கணக்கில் பேசப்போகிறார்கள் என்றால் கெல்ஷுக்கு நிகர் கிடையாது. ஒவ்வொரு கிளாஸும் புதுசாக வரும், பேச்சு அறுபடாது.

சுமார் 40 கிலோமீட்டரில் டுசல்டார்ஃப். அங்கே செம்பு நிறத்தில் ஆல்ட்பீர், கசப்பு நன்றாகத் தூக்கல். இரண்டு ஊருக்கும் பீர் விஷயத்தில் ஆகாது. பழைய நகரில் ஊரிகே என்ற இடத்தில் ஒன்று குடித்துப் பாருங்கள். கசப்பு பிடிக்கும் என்றால் மட்டும்.

இனி என் பக்கத்து ஊருக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த பீர் எது என்று ஒற்றைப் பதில் வேண்டுமென்றால், பாம்பெர்க்கின் புகை பீர். பழைய நகரம் முழுவதும் 1993-இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. பேராலயத்துக்குக் கீழே டொமினிகன் தெருவில் ஷ்லெங்கர்லா என்ற கடை. உள்ளே இருட்டான மர உத்தரங்கள், தேய்ந்த மேசைகள். பீப்பாயிலிருந்து தானாக இறங்குகிற பீர், கிட்டத்தட்டக் கறுப்பு. வாயருகே கொண்டுபோனதும் விறகடுப்பு மூட்டிய சமையலறைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். பீச் (beech) மரக் கட்டையை எரித்து அந்தப் புகையில் மால்ட்டை உலர்த்துகிறார்கள், அந்த வாசம் பீரோடு கூடவே வருகிறது. ஒரு காலத்தில் எல்லா ஊரிலும் மால்ட்டை நெருப்பின் மேலேதான் உலர்த்தினார்கள், எல்லா பீரிலும் புகை இருந்தது. புகை படாத உலைகள் வந்ததும் மற்ற ஊர்கள் மாறிவிட்டன. பாம்பெர்க்கில் ஷ்லெங்கர்லாவும் ஷ்பெட்சியலும் விடாமல் வைத்துக்கொண்டன. ஷ்பெட்சியலுடையதில் புகை மிதம், முதல் தடவைக்கு அதுவும் நல்ல தேர்வு.

முதல் மடக்கில் பெரும்பாலானோர் முகம் சுளிப்பார்கள். கடைக்காரர்களே அட்டையில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள், முதல் வாயில் நின்றுவிடாதீர்கள், போகப் போகப் பிடிக்கும் என்று. உண்மைதான். பாதி கிளாஸ் ஆனதும் நாக்கு புகைக்குப் பழகி, அடியில் இருக்கும் மால்ட் தெரியத் தொடங்கும். இதற்கு உரிய வேளை மழை பெய்கிற மத்தியானம். தனியாகவோ, அதிகம் பேசாத ஒரு நண்பரோடோ. வீட்டுக்கு நான்கு பாட்டில் வாங்கி வந்து நெத்திலிக் கருவாட்டு வறுவலோடு குடித்துப் பாருங்கள். உப்பும் புகையும் அப்படிச் சேரும். இங்குள்ள என் ஜெர்மன் நண்பர்களுக்கும் அந்தச் சேர்க்கையைப் பழக்கிவிட்டேன்.

நம் சாப்பாடு என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். காரசாரமான குழம்புக்குக் கசப்பான பில்ஸ் (பில்ஸன் வகை பீர்) வேண்டாம். கசப்பும் காஸும் காரத்தை இன்னும் ஏற்றிவிடும். மிளகுக் கோழிக்கும் செட்டிநாட்டு வறுவலுக்கும் மியூனிக்கின் கறுப்பு டுங்கல்ஸ் பொருந்தும். வறுத்த மால்ட்டின் ருசியும் வறுத்த மசாலாவின் ருசியும் ஒரே ஜாதி. மீன் வறுவலுக்கு வைஸ்பீர். பிரியாணிக்கு எதுவும் வேண்டாம், பிரியாணியே போதும்.

இன்னொன்று, கூலிங். ஐஸ் மாதிரி இருக்க வேண்டும் என்று இங்கே கேட்காதீர்கள். ரொம்பக் குளிர்ந்தால் நாக்கு மரத்துப்போய் மணமே தெரியாது. ஹெல்லஸும் வைஸ்பீரும் ஏழெட்டு டிகிரியில், டோப்பல்பாக் பத்து டிகிரிக்குப் பக்கத்தில் நன்றாக இருக்கும்.

அப்பாவுக்கு. இங்கே குடிக்காதவர் மேசையில் தனியாகத் தெரிய மாட்டார். ஆல்கஹால் இல்லாத வைஸ்பீர் எல்லா இடத்திலும் உண்டு, அதே உயரமான கிளாஸில், அதே நுரையோடு. ஓட்டப் பந்தயம் முடிந்ததும் வீரர்கள் அதைத்தான் குடிக்கிறார்கள், பெர்லின் மாரத்தானின் முடிவிலும் அதைத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் ஒன்றை அவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்: 'ஆல்கஹால் இல்லாதது' என்று எழுதியிருந்தாலும் 0.5 சதவீதம் வரை இருக்கச் சட்டம் அனுமதிக்கிறது. அது கூடாது என்று நினைப்பவர் என்றால் 0.0 என்று போட்ட பாட்டிலைக் கேளுங்கள், அல்லது ஆப்பிள் ஜூஸும் சோடாவும் கலந்த ஷோர்லே. வெயிலுக்கு அது எனக்கே பிடிக்கும். பாதி பீர், பாதி எலுமிச்சை சோடா கலந்த ராட்லரை யாராவது ஜூஸ் மாதிரி என்று சொல்லிக் கொடுத்தால் வாங்காதீர்கள், அதில் ஆல்கஹால் உண்டு. நீங்கள் கார் எடுப்பதாக இருந்தால் ரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.5 வரை ஆல்கஹால் இருக்கலாம் என்ற சட்டக் கணக்கையெல்லாம் நம்பாமல் குடிக்கிற நாளில் சாவியைத் தொடாதீர்கள். ரயில் எல்லா ஊருக்கும் போகிறது.

காலி பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள். சாதாரண பீர் பாட்டிலுக்கு 8 செண்ட், கிளிப் மூடி போட்டதற்கு 15 செண்ட், கேனுக்கு 25 செண்ட் சூப்பர்மார்க்கெட்டில் திரும்பக் கிடைக்கும். பூங்காவில் குடித்தால் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் கீழே நிறுத்திவையுங்கள், சேகரிப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

கடைசியாக உங்கள் தேதி. மே கடைசி என்றால் பெந்தெகொஸ்தே ஞாயிறு (ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வருவது) எந்த நாளில் வருகிறது என்று காலண்டரில் பார்த்துவிடுங்கள். அதற்கு முந்தைய வியாழன் மாலை எர்லாங்கனில் பெர்க் திருவிழா தொடங்கும், 12 நாள் நடக்கும். 1755-இல் தொடங்கியது, அக்டோபர்ஃபெஸ்ட்டை விட 55 வருடம் மூத்தது. கூடாரம் எதுவும் கிடையாது. குன்றின் சரிவில் பெரிய மரங்கள், மரத்தடியில் பெஞ்சுகள், குன்றுக்குள் குடைந்த பழைய பீர் அறைகள். அந்த அறைகளின் வாசலிலேயே கல் ஜாடியில் ஊற்றித் தருவார்கள். ஊரே அங்கேதான் இருக்கும், ஆஃபீஸ்கள் மத்தியானத்தோடு காலியாகிவிடும். மியூனிக்கிலிருந்து நியூரம்பெர்க், எர்லாங்கன், பாம்பெர்க் மூன்றும் ஒரே ரயில் பாதையில் வருகின்றன. வார நாளில் மாலை நான்கு மணிக்குள் போய்விடுங்கள், மேல் சரிவில் நிழலில் இடம் கிடைக்கும். வெள்ளி, சனி ராத்திரி வேண்டாம், கூட்டத்தில் அப்பாவுக்கு நடக்கச் சிரமம். கையில் சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். ஜாடிக்கு முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுக்கும்போது மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.